டவாலி கற்ற உறுமல்

குருவுக்கு இருபத்தொன்பது வயது. சீடருக்கு ஐம்பத்திரண்டு. இப்படித் தலைகீழாக ஒரு ஜோடி அமைந்ததற்குச் சீடரின் மகளைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

சீடர் பெயர் தணிகாசலம். நீதிமன்றத்தில் டவாலி. வெள்ளை உடுப்பின் மேல் சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு நீதிபதிக்கு முன்னால் நடப்பார். வழக்குக்காரர்களின் பெயரை வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிடுவார். அவர் கூப்பிட்டால் எதிர்த் தெரு டீக்கடையில் இருப்பவன்கூடக் கிளாஸை வைத்துவிட்டு ஓடி வருவான் என்று வக்கீல்கள் சொல்வார்கள். வீட்டில் மட்டும் அவர் வாய் திறப்பதே அபூர்வம்.

தை மாதக் கடைசியில் அவர் மனைவி சுகந்தி இறந்துபோனாள். தலையில் ரத்தக்குழாய் வெடித்தது. ஆபரேஷன் செய்தும் மூன்று நாள்தான் இருந்தாள். மகள் இலக்கியா அப்போது பிளஸ் டூ. பொதுத்தேர்வுக்கு ஆறு வாரம்கூட இல்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அவளிடம் ஒரே பாட்டைத்தான் பாடினார்கள்: "அழாதம்மா, பரீட்சை இருக்கு." தணிகாசலமும் அதையே சொன்னார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் கோர்ட்டுக்குப் போனார், அவள் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பது மார்க் வாங்கினாள். தெருவே மெச்சியது.

அதற்குப் பிறகு அவள் கத்த ஆரம்பித்தாள்.

பெரம்பூரில் ஒரு மெத்தைக் கடை மாடியில் ஒரு மெட்டல் இசைக்குழு இருந்தது. அங்கே கிடாரை இடி இடிக்கிற மாதிரி வாசிப்பார்கள். பாடுகிறவர் பாடமாட்டார், உறுமுவார். அதைக் கற்றுக்கொடுத்தவர் ஜெசிந்தா. அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டாள் இலக்கியா.

ஒருநாள் மகளின் நோட்டில் ஒரு வரி தணிகாசலத்தின் கண்ணில் பட்டது. "சாவே, முகத்தைக் காட்டு." அடுத்த வரியைப் படிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை. நோட்டை மூடிவிட்டார். அன்று முதல் மகள் குளிக்கப் போனால்கூட, தாழ்ப்பாள் திறக்கிற சத்தம் கேட்கும்வரை குளியலறை வாசலில் பேப்பர் படிக்கிற சாக்கில் நின்றுகொண்டிருப்பார்.

கரூரில் இருக்கிற அவருடைய அக்கா, பெண்ணைக் கொண்டுவந்து தன்னிடம் விட்டுவிடச் சொன்னாள். அங்கேயே கல்லூரியில் இடமும் பார்த்துவிட்டாள். ஆடி கழிந்ததும் கூட்டிப்போவதாகப் பேச்சு. இலக்கியாவிடம் சொன்னபோது, "சரிப்பா" என்றாள். அந்தச் 'சரிப்பா'தான் அவரை இன்னும் பயமுறுத்தியது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மெத்தைக் கடை மாடிப்படி ஏறினார்.

"ஏம்மா, நீதான் ஜெசிந்தாவா?"

"ஆமா சார். இலக்கியா அப்பாதானே? உக்காருங்க."

"உக்கார வரலை. ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். இந்தப் பாட்டு என் பொண்ணைச் சாகச் சொல்லுதா?"

ஜெசிந்தா கையிலிருந்த ஒயரை நிதானமாகச் சுற்றி வைத்தார்.

"இந்தப் பாட்டைக் கேட்டிருக்கீங்களா?"

"காதுல விழுந்திருக்கு."

"என்ன சொல்றாங்கன்னு புரிஞ்சுதா?"

"நாய் உறுமினா என்ன புரியும்?"

இதற்காவது கோபம் வரும் என்று எதிர்பார்த்தார். ஜெசிந்தா சிரித்தார்.

"நாலு சனிக்கிழமை வாங்க சார். கத்துக்குங்க. அப்புறம் இதே கேள்வியைக் கேளுங்க."

"நானா? உறுமுறதுக்கா?"

"கோர்ட்டுல பேர் கூப்பிடுறவர்தானே நீங்க? பாதி வேலை முடிஞ்ச மாதிரி."

பெண்ணைப் பெற்றவன் எதற்கும் இறங்குவான். தணிகாசலமும் இறங்கினார். மகளுக்குத் தெரியக்கூடாது என்று மட்டும் ஒரு நிபந்தனை போட்டார்.

முதல் சனிக்கிழமை சத்தமே இல்லை. ஒரு பழைய மெத்தையில் அவரைப் படுக்கவைத்து, வயிற்றின் மேல் ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்தார் ஜெசிந்தா. மூச்சு விட்டால் பாட்டில் ஏறி இறங்க வேண்டும், தோள் அசையக்கூடாது. தொப்பைக்கு இப்படியும் ஒரு உபயோகம் இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் படுத்திருந்தார்.

இரண்டாவது சனிக்கிழமை, "கோர்ட்டுல கூப்பிடுற மாதிரி ஒரு பேரைக் கூப்பிடுங்க" என்றார் ஜெசிந்தா.

"சாமிக்கண்ணூ!"

கீழே மெத்தைக் கடைக்காரர் வெளியே வந்து மேலே பார்த்தார்.

"தொண்டை வலிக்குதா?"

"இருபத்தாறு வருஷமா வலிக்குது. சாயந்தரம் பனங்கற்கண்டு போட்டுக்குவேன்."

"வலிச்சா தப்பாக் கத்துறீங்கன்னு அர்த்தம். நாங்க முக்கால் மணி நேரம் கத்துவோம். யாருக்கும் வலிக்காது."

"அவ்வளவு கோபத்துல கத்துனா வலி எங்கம்மா தெரியும்?"

"கோபத்தோட கத்திப் பாருங்க."

மகளைக் கெடுத்தவள் இவள்தான் என்று நினைத்துக்கொண்டு கத்தினார். தொண்டை இறுகி, கோழி கொக்கரிக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. இருமல் அடங்க ஐந்து நிமிஷம் ஆனது.

"வயித்துலேர்ந்து, சார். யார் மேலயும் இல்லாம."

மூன்றாவது சனிக்கிழமை அது வந்தது. எங்கிருந்து வந்தது என்றே அவருக்குத் தெரியவில்லை. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நெஞ்சை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு, தொண்டையைத் தொடாமலே வெளியே போனது. ஆறு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கலங்கியது. இது பிடித்திருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது.

"இன்னொரு தடவை பண்ணட்டுமா, மாஸ்டர்?" என்றார்.

'ஏம்மா' எப்போது 'மாஸ்டர்' ஆனது என்று அவரும் கவனிக்கவில்லை.

திங்கட்கிழமை கோர்ட்டில், ஞாபகமில்லாமல் ஒரு சாட்சியின் பெயரை வயிற்றிலிருந்து கூப்பிட்டுவிட்டார். நீதிபதி பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். சாட்சி கூண்டில் ஏறி, கேட்பதற்கு முன்பே உண்மையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான் என்று வக்கீல்கள் பிறகு கதை கட்டினார்கள்.

நாலாவது சனிக்கிழமை ஜெசிந்தா பாட்டுகளைப் போட்டுக் காட்டினார். வெறும் இரைச்சலாக இருந்ததற்குள் சொற்கள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. எங்கே மூச்சு எடுக்கிறார்கள், எங்கே சொல்லைக் கடித்துத் துப்புகிறார்கள் என்று இப்போது அவருக்குத் தெரிந்தது. ஒன்று குடியை விட்டவன் பாட்டு. ஒன்று வகுப்பில் எல்லாரும் கேலி செய்த பையனின் பாட்டு. 'நாளைக்கும் வருவேன்' என்று அவன் பதினாறு தடவை சொன்னான்.

"நல்ல சேதியாத்தானே சொல்றாங்க. இதை ஏன் இப்படிக் கத்திச் சொல்லணும்?"

"மெல்லச் சொன்னா நீங்க நம்புவீங்களா?"

தணிகாசலம் யோசித்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் மெல்லத்தான் சொன்னார்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று. ஒருவரையும் அவர் நம்பவில்லை.

"நாலு வாரம் ஆயிடுச்சு மாஸ்டர். என் கேள்வி அப்படியே இருக்கு."

"நாளைக்குக் கச்சேரி. இலக்கியா பாடுறா. முன்னால வந்து நில்லுங்க."

ஆடி மாதத்தில் கல்யாணம் கிடையாது. காலியாகக் கிடந்த ஒரு மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். மாலை நாலு மணிக்கு, கருப்புச் சட்டை போட்ட இருநூறு பேருக்கு நடுவில், சலவைச் சட்டையோடு போய் நின்றார் தணிகாசலம். வாசலில் ஒரு பெண் அவர் கையில் பஞ்சு கொடுத்தாள்.

"காதுல வச்சுக்குங்க அங்கிள். பழக்கமில்லாதவங்களுக்குக் காது போயிடும்."

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காருகிற மேடையில் இலக்கியா மைக்கோடு நின்றாள். மேளம் அதிர்ந்தது. "சாவே, முகத்தைக் காட்டு" என்று உறுமினாள்.

அவ்வளவுதான். முன்வரிசைப் பையன்கள் வட்டமாக ஓட ஆரம்பித்தார்கள். ஒருவன் தோளால் இன்னொருவனை இடித்தான், அவன் வேறொருவனை இடித்தான். எத்தனையோ அடிதடி வழக்குகளைக் கண்டவர் தணிகாசலம்; ஆனால் அடிதடியையே நேரில் பார்த்தது இல்லை. ஆடியாவது ஆவணியாவது, இன்று ராத்திரியே கரூருக்குப் பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று முடிவு செய்தார். மகளை இழுத்துவரக் கூட்டத்துக்குள் நுழைந்தார். எங்கிருந்தோ ஒரு தோள் வந்து மோதியது. மூக்குக்கண்ணாடி பறந்தது. தரையில் விழுந்தார்.

மிதிபட்டே சாகப்போகிறோம் என்று தலையைக் கையால் மூடிக்கொண்டார்.

ஒரு கால்கூட அவர் மேல் படவில்லை. கையை எடுத்துப் பார்த்தால், நாலு பேர் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலி மாதிரி நின்று கூட்டத்தைத் தடுத்தார்கள். ஆறேழு கைகள் கக்கத்தில் நுழைந்து அவரைத் தூக்கின. ஒருவன் அவர் கண்ணாடியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தான். இன்னொருவன் அவர் ஒற்றைச் செருப்போடு நின்றான்.

"அடிபட்டுச்சா அங்கிள்?"

கிடார் நின்றிருந்தது. மேளம் நின்றிருந்தது. மண்டபமே அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மேடையில் இலக்கியா, மைக்கை இறக்கிப் பிடித்தபடி.

தணிகாசலம் ஒன்றுமில்லை என்று கையைத் தூக்கிக் காட்டினார். கூட்டம் கைதட்டியது. இலக்கியா கொஞ்ச நேரம் அப்பாவையே பார்த்தாள். பிறகு மைக்கில், "முதல்லேர்ந்து" என்றாள்.

மூக்கில் வளையம் போட்ட ஒருவன் அவர் தோளைப் பிடித்துக்கொள்ள, அந்த வட்டத்துக்கு நடுவிலேயே நின்று தணிகாசலம் கேட்டார். ஒரு சொல் தப்பாமல் கேட்டது.

"சாவே, முகத்தைக் காட்டு. எங்கம்மாவுக்கு நான் போட்டுவிட்ட பின்னலை எங்கே எறிஞ்ச? நான் இருக்கேன். நான் இருப்பேன். இருந்து உன்னைக் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

ஆபரேஷனுக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் சுகந்தியின் தலையை மழித்துவிட்டார்கள். அந்த முடி எங்கே போனது என்று அவர் ஒருநாளும் யோசித்ததில்லை. "இருப்பேன்" என்று இருநூறு பேர் மகளோடு சேர்ந்து கத்தினார்கள். அவரும் கத்தினார், வயிற்றிலிருந்து. அழுதுகொண்டே கத்தினார்.

எல்லாம் முடிந்து, பந்தி போடுகிற கூடத்தில் நீள மேஜைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். ஜெசிந்தா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

"சாகச் சொல்லலை, மாஸ்டர்" என்றார் தணிகாசலமே.

"ம்."

"அக்காவுக்குப் போன் பண்ணிட்டேன். கரூருக்கு அனுப்பலைன்னு சொல்லிட்டேன்."

"நல்லது சார்."

தண்ணீரைக் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"ஆறு மாசம், மாஸ்டர். ஒரே வீடு. ரெண்டே பேர். அம்மாவைப் பத்தி அவ என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டதில்லை. அந்தப் பின்னலைப் பத்தி இன்னிக்குத்தான் எனக்கே தெரியும். பெத்த அப்பன்கிட்ட கேக்காததை, முன்னபின்ன தெரியாத இத்தனை பேர்கிட்ட வந்து ஏன் கேக்குறா?"

ஜெசிந்தா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இங்க ஒருத்தர் விழுந்தா பாட்டை நிறுத்திடுறாங்க, சார்."