என்டர் தட்டிய அமைச்சர்

இது எந்தக் காலத்துக் கதை என்று யாரும் கேட்கக் கூடாது. ராஜாவும் இருந்தார், கம்ப்யூட்டரும் இருந்தது. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

வேங்கைநாட்டு ராஜா மகுடகேசரியின் ஆட்சியில் முப்பத்திரண்டு ஊர்கள். ஊருக்கு ஒரு வெப்சைட். எல்லாமே பி.எச்.பி. என்கிற கம்ப்யூட்டர் மொழியில், ஒரே ஃப்ரேம்வொர்க்கில், அதாவது ஒரே அச்சில், கட்டியவை. அதில் புதிதாக ஒரு வசதிக்கான பேக்கேஜ் சேர்க்க வேண்டுமென்றால், திருவிழாக் காலண்டர் என்றே வையுங்களேன், அமைச்சர் உக்கிரமூர்த்தியின் நாற்பது ஆட்கள் கிளம்புவார்கள். ஒருவர் பேக்கேஜை நெட்டிலிருந்து இறக்குவார். ஒருவர் அதோடு வரும் மாதிரி கான்ஃபிக் ஃபைலை, அதாவது ஊர் விவரம் எழுதும் ஃபைலை, காப்பி எடுத்து வைப்பார். ஒருவர் அதில் ஊர்ப் பெயரையும் ராஜா பெயரையும் எழுதுவார். மீதி முப்பத்தேழு பேரும் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு ஊருக்கு ஒன்பது நாள்!

அவையில் மாசிலாமணி என்று ஒருவன் இருந்தான். வாய் கொஞ்சம் நீளம், மூளை அதைவிட நீளம். அவன் இந்தக் கூத்தைப் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், ஒரே ஒரு கமாண்ட் எழுதினான். அதை ஓட்டினால் இறக்குவது, காப்பி எடுப்பது, எழுதுவது எல்லாம் தானாக நடக்கும். நடுநடுவே சில கேள்விகள் மட்டும் கேட்கும். சும்மா என்டர் தட்டினால் 'ஆம்' என்று எடுத்துக்கொள்ளும். ஒன்பது நாள் வேலை அரை நாழிகையில் முடிந்தது.

உக்கிரமூர்த்திக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே? அவருடைய பவிசெல்லாம் அந்த நாற்பது ஆளில்தானே இருந்தது!

இப்படியிருக்க, ஒருநாள் தவளைப்பட்டணத்து வெப்சைட்டைத் திறந்த ராஜாவுக்கு மீசை துடித்தது. முகப்பில் கொட்டை எழுத்தில், 'மாமன்னர் உங்கள் பெயர் இங்கே வாழ்க!' என்று இருந்தது.

"யார் இந்த 'உங்கள் பெயர் இங்கே'?" என்று கர்ஜித்தார்.

உக்கிரமூர்த்தி முன்னால் வந்து நின்றார். "பிரபு, நேற்று மாசிலாமணியின் கமாண்டை நான்தான் என் கையால் ஓட்டினேன். அது தங்கள் பெயர் இருந்த ஃபைலை அழித்துவிட்டு, மாதிரி ஃபைலை வைத்துவிட்டது. தானாக ஓடுகிற எதையும் நம்பக் கூடாதென்று தலைபாடாக அடித்துக்கொண்டேனே!"

"கேட்காமல் அது எதையும் அழிக்காது, மன்னா," என்றான் மாசிலாமணி. "'பழைய ஃபைலை அழிக்கவா?' என்று கேட்டிருக்கும். அமைச்சர் படிக்காமல் என்டர் தட்டியிருப்பார்."

"நானா? ஒவ்வொரு கேள்வியையும் எழுத்தெண்ணிப் படிப்பவன் நான்!"

"தட்டிய விரல் சாட்சி சொல்லாது, மாசிலாமணி," என்றார் ராஜா. "நாளைக் காலைக்குள் நிரூபி. இல்லையென்றால் மூட்டையைக் கட்டிக்கொண்டு நாட்டைவிட்டுக் கிளம்பு."

மாசிலாமணி யோசித்தான். பிறந்து வளர்ந்த ஊரை விட்டு எங்கே போவான்? வீட்டுக்குப் போய்க் கமாண்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மறுநாள் சபையில் பெரிய வெள்ளைத் திரை கட்டியிருந்தது. கம்ப்யூட்டரில் தெரிவதெல்லாம் அதில் தெரியும். "மன்னா, அமைச்சரே இதை மறுபடி ஓட்டட்டும். தவளைப்பட்டணத்தில் எப்படி ஓட்டினாரோ அப்படியே. அது போதும் எனக்கு," என்றான் மாசிலாமணி.

"இதென்ன பிரமாதம்!" என்று உட்கார்ந்தார் உக்கிரமூர்த்தி. முதுகுக்குப் பின்னால் திரை, முன்னால் கம்ப்யூட்டர், அதற்கு அப்பால் ராஜா. ராஜா எதிரில் இருக்கும்போது அவர் கண் வேறெங்கே போகும்?

"காலண்டர் பேக்கேஜை இறக்கவா?" என்றது திரை. டக்!

"விழாத் தேதிகளுக்கு டேபிள்களை உருவாக்கவா?" டக்!

"பிரபு, இந்த மாதிரி வேலையில் கவனம்தான் முக்கியம்," என்றார் அமைச்சர், ராஜாவைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது கேள்விக்கும் டக்!

நாலாவது கேள்வி வந்தது. "இந்தக் கேள்வியைப் படிக்காமல்தான் என்டர் தட்டுகிறீர்களா?" டக்!

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தன் வேகத்தைப் பார்த்துத்தான் என்று நினைத்த அமைச்சர் இன்னும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஒரு எழுத்து விடமாட்டேன், பிரபு!"

"தவளைப்பட்டணத்திலும் இப்படித்தான் தட்டினீர்களா?" டக்!

"பழி மாசிலாமணி மேல் போகட்டும் என்று விட்டுவிட்டீர்களா?" டக்!

"தண்டனையாக, முப்பத்திரண்டு ஊர் கான்ஃபிக் ஃபைல்களையும் தினமும் சபையில் உரக்க வாசிக்கச் சம்மதமா?" டக்!

"முடிந்தது, பிரபு!" என்று எழுந்து திரும்பினார் உக்கிரமூர்த்தி. திரையில் ஏழு கேள்வி, ஏழு 'ஆம்', கீழே 'ஓட்டியவர்' என்று அவர் பெயர்.

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்ததும் கேட்டார்: "அதுசரி மாசிலாமணி, அழிக்கிற கேள்விக்குமா சும்மா தட்டினால் 'ஆம்' என்று வைப்பாய்?"

"அது என் தப்புதான், மன்னா. அதை 'இல்லை' என்று மாற்றிவிட்டேன். இனிமேல் தூங்கிக்கொண்டே தட்டினாலும் தங்கள் பெயர் அழியாது."

"நல்லவேளை! உனக்கு என்ன பரிசு வேண்டுமோ எழுதிக் கொண்டு வா."

மாசிலாமணி அங்கேயே ஓலையில் எழுதி நீட்டினான். சிரிப்பு இன்னும் அடங்காத ராஜா முத்திரையை எடுத்து டக்கென்று குத்தினார்.

"மன்னா, படித்தீர்களா?"

ராஜாவின் கை அப்படியே நின்றது. "அடப்பாவி! என்ன எழுதினாய்?"

"பயப்பட வேண்டாம், மன்னா. பத்து நாள் லீவு மட்டும்தான். பாதி நாடு என்று எழுதத்தான் நினைத்தேன். தாங்கள் படித்துத் தொலைப்பீர்களோ என்று பயந்துவிட்டேன்!"