கொதித்த இரண்டு குழாய்கள்

“ஆராய்ச்சியை விட்டுடலாம்னு இருக்கேன் மேடம்,” என்று வைரமணி கடிதத்தை மேசையில் வைத்தாள்.

பேராசிரியர் ஜெசிந்தா அவளைவிட ஐந்து வயது இளையவர். அதனால் தன் மாணவியை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

“என்னக்கா ஆச்சு?”

“அவர் போய் எட்டு மாசம் ஆச்சு. பதினாறாம் நாள் வரைக்கும் அண்ணன், தம்பி, சித்தப்பான்னு ஆறு பேர் என்னைத் தாங்கினாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க. இப்ப மாமனார், நாத்தனார், மக. மூணே பேர். எப்படி மேடம் இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டுறது?”

கடிதத்திலும் அப்படித்தான் இருந்தது: ‘எனக்குத் துணை மூவர் மட்டுமே என்பதால்.’ வேதியியல்காரி அல்லவா, துக்கத்தையும் எண்ணித்தான் எழுதினாள்.

ஜெசிந்தா எழுந்தார். புகை உறிஞ்சும் கண்ணாடிக் கூண்டுக்குள் இரண்டு சோதனைக் குழாய்களை வைத்தார். இரண்டிலும் நிக்கல் உப்புக் கரைசல், பச்சையாக.

முதல் குழாயில் அம்மோனியா விட்டார். நீலமானது.

இரண்டாவதில் எத்திலீன் டைஅமீன் விட்டார். ஊதாவானது.

இரண்டையும் கொதிக்கும் நீரில் இறக்கினார். இருவரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

நீலம் வெளுத்தது. அம்மோனியா ஆவியாகிப் போக, குழாயின் அடியில் வெளிர்பச்சைச் சகதி மட்டும் தங்கியது.

ஊதா அப்படியே இருந்தது.

“நீலத்துல நிக்கலை எத்தனை பேர் பிடிச்சிருந்தாங்க?”

“ஆறு அம்மோனியா.”

“ஊதாவுல?”

“மூணு எத்திலீன் டைஅமீன்.”

“அப்ப அதோட அணைவு எண்?”

“மூணு,” என்றாள். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முதலாண்டுப் பிள்ளைகள் செய்யும் தப்பு அது. போன வாரம்தான் இதே தப்புக்கு ஒரு வகுப்பையே நிற்க வைத்திருந்தாள்.

“அந்தப் பிள்ளைங்ககிட்ட என்னக்கா சொன்னீங்க?”

“ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு முனை இருக்கு. வந்த ஆளை எண்ணாதீங்க, பிடியை எண்ணுங்க, அணைவு எண் ஆறுன்னு.”

“ஒரு முனை நழுவினா?”

“இன்னொண்ணு விடாது. நழுவினது திரும்பவும் வந்து பிடிச்சுக்கும்.”

ஜெசிந்தா அடுப்பை அணைத்தார். வைரமணிக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. ஒரு ஆறுதல் வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்?

அப்போது கதவருகே செருமல் கேட்டது. மாமனார். காலையில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, மத்தியானம் மருமகளுக்குச் சாப்பாடு கொண்டுவருவார். உள்ளே வரக் கூச்சம், வாசலோடு நின்றுவிடுவார்.

அவருடைய ஒரு கையில் தூக்குவாளி. இன்னொரு கையில், அவள் காலையில் மறந்துவிட்டு வந்த மூக்குக்கண்ணாடி.

“இது இல்லாம எப்படிம்மா எழுதுவே?” என்றார்.

வைரமணி அந்த இரண்டு கைகளையும் பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பினாள்.

“மேடம், அந்தக் கடிதத்தைக் குடுங்க. எண்ணிக்கை தப்பா இருக்கு.”