எதிர் வீட்டு ஜன்னல்

முதுகுவலி ஊசி பலன் தருகிறதா என்று யாரிடம் கேட்பது? வலிப்பவரிடம்தான். டாக்டர் மெகருன்னிசாவும் ஒரு வருடமாக அப்படித்தான் கேட்டு எழுதினார். ஊசிக்கு முன் பத்துக்கு எவ்வளவு வலி, பின் எவ்வளவு. அறுபது பேரில் நாற்பத்தொன்பது பேர் குறைந்துவிட்டது என்றார்கள்.

அந்த அறிக்கையோடு ஆசிரியர் தேவசகாயத்தின் வீட்டுக்கு வந்தார். ஊசி போடவும் அந்தக் கேள்வியைக் கேட்கவும் மெகருன்னிசாவுக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆஸ்பத்திரி வாசலுக்கு நேர் எதிரே, மாடியில் வீடு.

"சொர்ணத்தாய்னு ஒரு பேஷண்ட் சார். பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறாங்க. நாளைக்கு மூணாவது ஊசி. ஆனா ஊசி போட்டா சுகர் ஏறிடுது. போடலாமா, விட்டுடலாமா?"

"அவங்க என்ன சொல்றாங்க?"

"எட்டா இருந்தது ரெண்டாயிடுச்சாம். இப்பதான் கேட்டுட்டு வர்றேன். மருந்து வாங்க நிக்கிறாங்க."

தேவசகாயம் அறிக்கையைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் கிடந்த தன் நாற்காலியைக் காட்டினார்.

"ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்துக்கிட்டு இரும்மா. டீ போட்டுட்டு வர்றேன்."

டீ வருவதற்குள் சொர்ணத்தாய் வெளியே வந்தார். நான்கே படிகள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, பக்கவாட்டில் இறங்கினார். இரண்டாவது படியில் உட்கார்ந்துவிட்டார். முந்தானை முடிச்சிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினார்.

மெகருன்னிசா இறங்கி ஓடினார்.

"என்ன மாத்திரை இது?"

"மெடிக்கல்ல கேட்டு வாங்கினது, டாக்டரம்மா."

"வலி ரெண்டுதான்னு சொன்னீங்களே?"

சொர்ணத்தாய் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க அம்புட்டு சிரமப்பட்டு போட்டீங்க. முதல் ஊசிக்கப்புறம் வலிக்குதுன்னு சொன்னேன், உங்க முகமே வாடிப்போச்சு. மறுபடி சொல்ல மனசு வரல."

"சரி, இப்ப சொல்லுங்க. எவ்வளவு?"

சொர்ணத்தாய் கொஞ்சம் யோசித்தார்.

"நீங்களே பார்த்து ஏதாவது ஒரு நம்பரைப் போட்டுக்குங்க, டாக்டரம்மா."

நாளைக்கு ஊசி வேண்டாம் என்று சொல்லி, அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டு மெகருன்னிசா மேலே வந்தார். டீ ஆறிப்போயிருந்தது. அந்த நாற்பத்தொன்பது பேரையும் ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தார். எல்லோரும் சிரித்த முகமாகத்தான் பதில் சொல்லியிருந்தார்கள். நினைக்க நினைக்க வேதனையாக இருந்தது.

"நீங்க எத்தனை வருஷம் ஊசி போட்டீங்க சார்?"

"முப்பத்தொரு வருஷம்."

"இந்த ஜன்னல்ல உட்கார ஆரம்பிச்சது எப்போ?"

தேவசகாயம் ஆஸ்பத்திரிப் படிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரிட்டயர் ஆன பிறகுதாம்மா."