குடத்துக்குள் நெருப்பு

முன்னொரு காலத்தில், காக்கை வெள்ளையாக இருந்த காலம் என்றே வைத்துக்கொள்ளுங்களேன், ஊசிமலை நாட்டில் வம்பு வழக்கெல்லாம் மாயச் சீட்டாட்டத்தில்தான் தீரும். சிவப்புச் சீட்டை இறக்க முதலில் செம்மண் சீட்டு வேண்டும். கறுப்புச் சீட்டுக்குக் கரிசல் சீட்டு வேண்டும். செம்மண் வீட்டார் கரிசலைக் கையாலும் தொடமாட்டார்கள். கேட்டால் கௌரவம் என்பார்கள்.

அப்படிப்பட்ட வீட்டுப் பெண் செவந்தி. அவள் அண்ணன் முத்தையன், மந்திரவாதி கரகண்டனிடம் ஆடித் தோற்றான். தோற்றவரைச் சீட்டாக்கிவிடுவது கரகண்டன் வழக்கம். முத்தையன் கன்னம் உப்பிய காற்றுச் சீட்டானான்.

செவந்தி நேரே போய் நின்றாள். "எங்கண்ணனை விடு."

"மூணு ஆட்டம்" என்றான் கரகண்டன். "ஒண்ணுல ஜெயிச்சாலும் கூட்டிட்டுப் போ. மூணும் தோத்தா நீயும் என் சீட்டுக்கட்டுக்குள்ள."

செவந்தியின் கட்டு முழுக்கச் சிவப்பு. திரி வைத்தாள். எண்ணெய் வைத்தாள். நெருப்பு வைத்தாள். மூன்றும் சேர்ந்து ஒரு சுற்று அணையாமல் எரிந்தால் எதிராளியின் கட்டு சாம்பல்.

கரகண்டன் அந்தக் காற்றுச் சீட்டைப் போட்டு, "ஊது!" என்றான். அண்ணன் அழுதுகொண்டே ஊதினான். விளக்கு அணைந்தது, முதல் ஆட்டம் போனது.

செவந்தி சந்தையில் சீட்டு விற்பவளிடம் போனாள். "அக்கா, காத்தைத் தடுக்க என்ன இருக்கு?"

"குடம் இருக்கு. மூடி வெச்சா எந்தக் காத்தும் ஒண்ணும் பண்ணாது. ஆனா அது கறுப்புச் சீட்டு, கரிசல் வேணுமே, நீங்க தொடமாட்டீங்களே?"

"எங்கண்ணனை விடவா கௌரவம்? குடுங்க."

ஆசை யாரை விட்டது? பாதிக் கட்டைக் கறுப்பாக்கிவிட்டாள். இரண்டாம் ஆட்டத்தில் கை நிறையக் குடம், முன்னால் செம்மண். கரிசல் வந்தபோது கையில் வெறும் திரி. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். கரகண்டன் கொட்டாவி விட்டுக்கொண்டே ஜெயித்தான். 'ஊது' என்று சொல்லக்கூட வேலை வரவில்லை.

செவந்திக்குப் பயம் வந்தது. பயத்தோடேயே யோசித்தாள். ஒரு விளக்குக்கு எத்தனை குடம் வேண்டும்? இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற கறுப்பையெல்லாம் கழித்தாள். கரிசலுக்குப் பதில் வரப்புச் சீட்டு வாங்கினாள். வரப்பு இரண்டு மண்ணுக்கும் பொது. ஆனால் வைத்த சுற்றில் தூங்கும், அடுத்த சுற்றில்தான் விழிக்கும். அதனாலேயே அதை யாரும் சீண்டுவதில்லை.

மூன்றாம் ஆட்டத்தில் அவள் வரப்பை வைத்ததும் கரகண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "தூங்குமூஞ்சிச் சீட்டு!"

"தூங்கட்டும். எனக்கு அவசரமில்லை."

வரப்பு விழித்தது. திரி வைத்தாள். எண்ணெய் வைத்தாள். நெருப்பு வைத்தாள். மேலே குடத்தைக் கவிழ்த்தாள்.

"ஊது!"

அண்ணன் ஊதினான். குடம் அசையவில்லை.

"ஊதுடா!"

மறுபடியும் ஊதினான். இந்தத் தடவை அவன் கண்ணில் சிரிப்பு.

சுற்று முடிந்தது. செவந்தி குடத்தைத் தூக்கினாள். குடத்திலிட்ட விளக்கு குன்றின் மேலிட்ட விளக்கானது. கரகண்டனின் கட்டு பற்றி எரிய, சிறைப்பட்டவர்கள் ஒவ்வொருவராக வெளியே குதித்தார்கள். தோற்றவரைச் சீட்டாக்கும் மாயம் அவன்மேலேயே திரும்ப, கரகண்டன் சீட்டானான். சிவப்புமில்லை, கறுப்புமில்லை. எந்த மண்ணும் அவனை ஏற்கவில்லை.

"தண்ணி குடு செவந்தி. ஊதி ஊதித் தொண்டை காஞ்சுபோச்சு" என்றான் முத்தையன்.

சீட்டிலிருந்த குடம் நிஜக் குடமாகி நின்றது. அதிலேயே மொண்டு வந்து நீட்டினாள்.

முத்தையன் தயங்கினான். "இது கரிசல் குடமாச்சே?"

"ஆமா. குடிண்ணா."

குடித்தான். குடம் காலி. அவன் தாகமும் தீர்ந்தது, நம் கதையும் தீர்ந்தது.