பீரோவுக்குள் போன புரவலர்

மேலக்கல்லூரணியில் யாரும் தனியாக முட்டாள்தனம் செய்வதில்லை. கமிட்டி கூட்டித்தான் செய்வார்கள். அந்த ஊர் நடராஜ விலாச நாடக சபாவின் கமிட்டிக்குச் செயலாளர் குற்றாலிங்கம். சபாவில் மூளை உள்ளவர் தாம் ஒருவரே என்பது அவருடைய முடிவு. மற்றவர்கள் அதை மறுத்ததில்லை. மறுக்கவும் மூளை வேண்டுமே.

சபா அரங்கின் தகரக் கூரை சல்லடையாகிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன்னால் புதுக் கூரை போடாவிட்டால் அரங்குக்குச் சீல் வைப்போம் என்று நகராட்சி சொல்லிவிட்டது. குற்றாலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. அரங்கு போனால் சபா போகும். சபா போனால் அவர் வெறும் குற்றாலிங்கம்.

அந்தச் சமயத்தில் சென்னையிலிருந்து ஓர் ஆலோசகர் வந்தார். கலை அமைப்புகள் வணிக நிறுவனங்களோடு கைகோக்க வேண்டும் என்று பிற்பகல் முழுவதும் பேசினார். “கூட்டாளி சொல்வதை அப்படியே செய்யுங்கள். அவருடைய பொருளின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று முடித்துவிட்டு ரயிலேறினார். விளைவுகளைப் பார்க்க ஆலோசகர்கள் எந்த ஊரிலும் தங்குவதில்லை.

ஊரில் கோக்கத் தகுந்த கை ஒன்றுதான் இருந்தது. அது ஸ்டீல் பீரோ கம்பெனி முதலாளி தவசிக்கனி அண்ணாச்சியின் கை.

“கூரை நான் போடுதேன்” என்றார் அண்ணாச்சி. “ஆனா நாடகம் முழுக்க என் பீரோ மேடையில நிக்கணும். அதை உடைக்க முடியாதுன்னு சனம் நம்பணும். பூட்டுனா சாவி உடமைக்காரன்கிட்டதான் இருக்கணும். மாத்துச் சாவி என் கம்பெனியை விட்டு வெளிய வராது. அதான் எங்க நாணயம். எல்லாத்தையும் காட்டிருங்க.”

“அப்படியே செஞ்சிருவோம் அண்ணாச்சி” என்றார் குற்றாலிங்கம். ஆபத்து அந்தச் சொல்லில்தான் இருந்தது.

நாடக இலக்கணம் எழுதியவர்கள் பலர். பீரோவை எங்கே நிறுத்துவது என்று ஒருவர்கூட எழுதி வைக்கவில்லை. எனவே ‘வனம் புகுந்த வேந்தன்’ நாடகத்தில், சகலத்தையும் துறந்து மரவுரி கட்டிக் காட்டுக்குப் போன ராஜாவுக்குப் பின்னால், அட்டை ஆலமரத்தடியில், பச்சைப் பெயின்ட் அடித்த பீரோ ஒன்று நின்றது. ராஜா வேஷம் மாசானமுத்து. துறந்ததையெல்லாம் அதில்தான் வைத்திருக்கிறார் போலும் என்று சனம் எடுத்துக்கொண்டது.

இடைவேளையில் அண்ணாச்சி மேடையேறினார். “தட்டுகளைக் கழட்டிட்டா ஒரு ஆளே நிக்கலாம்!” என்று உள்ளே புகுந்து, தொப்பையை இழுத்துக்கொண்டு, “மூடிப் பூட்டுல! ஊரு பாக்கட்டும்” என்றார்.

மாசானமுத்து பூட்டினான். சனம் கைதட்டியது. கைதட்டல் ஓய்ந்தது.

“திறல!” என்றது பீரோ.

“சாவி எங்கல?” என்றார் குற்றாலிங்கம்.

“உடமைக்காரருகிட்ட குடுத்துட்டேன் மாமா. மேல காத்துக்கு விட்ட சந்து வழியா உள்ள போட்டாச்சு.”

குற்றாலிங்கம் யோசித்துப் பார்த்தார். குறை ஒன்றும் தெரியவில்லை.

“கால்மாட்டுல கிடக்குல! குனிய முடியல!” என்று அண்ணாச்சி உள்ளிருந்து அலறினார். “கடப்பாரையை எடுத்து உடைங்கல!”

கமிட்டி ஆலமரத்தடியில் கூடியது.

“அவரே சொல்லுதாரு, உடைச்சிருவமா?” என்றார் ஆர்மோனியம் நயினார்.

“என்ன வே பேசுதீரு?” என்றார் குற்றாலிங்கம். “ உடைக்க முடியாத பீரோவை ஊரு பாக்க உடைச்சா பேரு கெடாதா? பெறகு கூரை எப்படி வரும்?”

“அவரு உள்ளதான இருக்காரு. பாக்க மாட்டாரு.”

“சத்தம் கேக்கும் ஓய்.”

நயினார் ஒப்புக்கொண்டார்.

“கம்பெனியில மாத்துச் சாவி இருக்குல்லா?” என்றான் மாசானமுத்து.

“அது வெளிய வராதுன்னு சொன்னாரே, கேக்கலியா? சாவி வராதுன்னா பீரோதான் கம்பெனிக்குப் போவணும்.”

இந்தத் தீர்ப்பின் நுட்பத்தில் சபை சிறிது நேரம் மெய்ம்மறந்து நின்றது. உள்ளே இருந்தவரின் கருத்து தெளிவாகக் கேட்கவில்லை. கேட்ட பகுதி அச்சிடத் தகாதது.

வாசலில்தான் சிக்கல். அரங்கின் வாசல் குட்டை. வரும்போது பீரோவைப் படுக்க வைத்து, நாலு பேர் தோள்கொடுத்துத்தான் கொண்டுவந்தார்கள்.

“அப்படியே படுக்க வச்சுத் தூக்குவோம்” என்றான் மாசானமுத்து.

குற்றாலிங்கம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். “சண்டாளா! உசுரோட இருக்க மனுசனைப் படுக்கப் போட்டு, நாலு பேரு தோள்ல, சனம் பின்னால வர, வாசல் வழியா கொண்டுபோவியா? அவரு வீட்டம்மா கண்ணுல பட்டா என்னத்துக்கு ஆவும்?”

“கால் முன்னால போவாம, தலை முன்னால போனா?” என்று நயினார் நுணுக்கமாகக் கேட்டார்.

“எப்படிப் போனாலும் அபசகுனம் அபசகுனந்தான் வே. மனுசன் நின்னபடிதான் வெளிய போவணும். வாசல்ல முடியாது. அப்ப வேற வழி எது?”

எல்லாரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

முதலாளி காரியம் என்றதும் கம்பெனியின் கிரேன் உடனே வந்துவிட்டது. மேடைக்கு நேர்மேலே இருந்த தகரங்களை முதலில் பிரித்தார்கள். அது அழகாக இல்லை என்று மீதியையும் பிரித்தார்கள். சட்டங்கள் தனியாக நின்று என்ன செய்யப்போகின்றன என்று அவற்றையும் அறுத்தார்கள். பீரோ நிமிர்ந்த கோலத்தில், துளி அபசகுனமில்லாமல், ஆலமரத்துக்கு மேலே எழுந்தது. சனம் எழுந்து நின்று குலவையிட்டது.

அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை இறங்கியது. நேரே நாற்காலிகள் மேல், ஆர்மோனியத்தின் மேல், ராஜாவின் தாடி மேல்.

குற்றாலிங்கம் ஒருவர்தான் பதறவில்லை. சொன்ன சொல் ஒன்று பிசகாமல் எல்லாம் நடந்தாயிற்று. இனிக் கூரை வரவேண்டியதுதான். அவர் மழையில் நனைந்தபடி வானத்தைப் பார்த்துக் கூவினார்:

“அண்ணாச்சி! புதுக் கூரைக்கு எந்தக் கலரு? பச்சைன்னா ஒரு தட்டு தட்டுங்க, நீலம்னா ரெண்டு தட்டு!”

அந்தரத்தில் ஆடிய பீரோ இடிஇடியென்று இடித்தது, நிற்கவே இல்லை.

நயினார் கொஞ்ச நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு விரலை மடக்கினார்.

“எல்லாக் கலரும் கேக்காரு வே.”