இடி போட்டுக்கொண்டு போன செருப்பு

கரடிக்கும் மேகத்துக்கும் பேச்சுவார்த்தை இருந்த காலம் அது. வடக்கே, வருஷத்தில் பாதி நாள் வெள்ளையாகவே கிடக்கும் ஒரு மலைக் குகையில் கரடி ஒருத்தி குடியிருந்தாள். பனி அப்போதெல்லாம் இப்போதுபோல வர மாட்டான். காலில் பனிக்கட்டிச் செருப்பு! தடதடவென்று நடந்தால், செருப்பு உதிர்ந்து கட்டி கட்டியாகக் கொட்டும். பாறை அதிரும், கிளை ஒடியும், முயல்கள் காதைப் பொத்திக்கொண்டு ஓடும்.

மற்றவர்கள் எப்படியோ சமாளித்தார்கள். கரடிக்குத்தான் திண்டாட்டம். குளிர்காலம் முழுக்கத் தின்னாமல் தூங்க வேண்டிய பிறவி அவள். போன குளிரில் பொட்டுத் தூக்கமில்லாமல் இளைத்துத் துரும்பாகிவிட்டாள். இந்த வருஷம் வயிற்றில் குட்டிகள் வேறு. தூங்காவிட்டால் உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்துபோகும், குட்டிகளுக்குப் பால் இருக்காது.

நேரிலேயே போய்க் கெஞ்சினாள். "தம்பி பனி, கொஞ்சம் மெதுவா நடக்கக் கூடாதாப்பா?"

"அதெப்படிக்கா? நான் வந்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா? மழை வருதுன்னு சொல்ல இடி இருக்கான். எனக்கு யார் இருக்கா?"

அவன் சொன்னதும் நியாயம்தான். வயிற்றுக்குள் இருக்கிற குட்டிக்கு அந்த நியாயத்தை எப்படிச் சொல்வது?

குளிர் தொடங்கும் நேரம். கரடி தேனும் காய்ந்த பழமும் எடுத்து வைத்து ஒரு விருந்து போட்டாள். பனியை அழைத்தாள். கோடை முடிந்து ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த இடியையும் அழைத்தாள். அந்த மலையில் யார் வீட்டுக்குப் போனாலும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் நுழைய வேண்டும், ராஜாவாக இருந்தாலும் சரி. பனியும் கழற்றினான். இடி அந்த நாளில் வெறுங்கால்காரன், கழற்ற ஒன்றுமில்லை.

இடி அவசரக்குடுக்கை. மூன்றே வாயில் தின்று முடித்து, குகை கிடுகிடுக்க ஒரு ஏப்பம் விட்டான். "வர்றேன்க்கா." பனி உள்ளே தேனை நக்கிக்கொண்டிருந்தான்.

வழியனுப்ப வாசல்வரை வந்த கரடி, அங்கே கிடந்த பனியின் செருப்பைப் பார்த்து ஒரு நிமிஷம் தயங்கினாள். அடுத்தவன் பொருள் ஆயிற்றே. வயிற்றில் ஒரு குட்டி உதைத்தது.

"ஏம்ப்பா, அவ்வளவு தூரம் வெறுங்காலோடவா போவே? இதைப் போட்டுப் பாரேன்" என்றாள்.

போட்டு ஓர் அடி வைத்தான். கடகடா! சத்தம் என்றால் இடிக்கு உயிர். "அடேயப்பா! எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கே!" என்று ஒரே ஓட்டமாக ஓடிவிட்டான்.

பனி வெளியே வந்து பார்த்தான். "ஐயோ, என் செருப்பு எங்கே?"

"இடி போட்டுட்டுப் போயிட்டான்ப்பா." யார் கொடுத்தது என்று கரடி வாயைத் திறக்கவில்லை.

அழுது என்ன செய்ய? வேலை கிடக்கிறதே. கல்லும் முள்ளும் குத்துமே என்று பயந்து பயந்து, பூப்போலக் கால் வைத்து மலையில் இறங்கினான் பனி. ஒரு கிளைகூட அசையவில்லை. யாரும் எட்டிப் பார்க்கவும் இல்லை. அவனுக்கு அவமானம் பிடுங்கித் தின்றது.

கொஞ்ச நாளில் நரி போட்டுக்கொடுத்துவிட்டது: "கரடிதான் எடுத்துக் கொடுத்தா. நான்தான் பார்த்தேனே!"

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிடுவது என்று பனி குகைக்கு வந்தான். உள்ளே கரடி நிம்மதியாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். மார்பில் இரண்டு குட்டிகள், உள்ளங்கை அளவுதான் இருக்கும், சப்புச் சப்பென்று பால் குடித்துக்கொண்டிருந்தன. எத்தனையோ குளிர்காலம் இந்த வாசலைத் தாண்டிப் போயிருக்கிறான். இப்படி ஒரு சத்தம் மலையில் உண்டு என்பதே அவனுக்குத் தெரியாது. அவன் காதில் விழுந்ததெல்லாம் அவன் செருப்புச் சத்தம்தான்.

திட்ட வந்தவன், குட்டிகளுக்குக் குளிருமே என்று குகை வாசலில் மெத்தென்று குவிந்து காற்றை மறித்தான். பிறகு நுனிக்காலில் நடந்து போய்விட்டான்.

அன்றிலிருந்துதான் பனி யாரையும் எழுப்பாமல் பெய்கிறது. இடியோ செருப்பைத் திருப்பித் தருகிற வழியாக இல்லை, கோடையில் கடகடவென்று வந்து நம் தலையில் ஆலங்கட்டியைக் கொட்டிக்கொண்டே திரிகிறான்.