விளிம்பில் படுத்த வாத்தியார்

தூத்துக்குடியில் ஒரு பேன்சி கடையின் மாடியில் தமீம் ஆங்கிலம் பேசச் சொல்லிக்கொடுத்தார். வயது முப்பதைத் தாண்டவில்லை. பொறுமை மட்டும் அதற்குள் பாதி தீர்ந்துபோயிருந்தது. மீதியைத் தீர்க்க வந்தவர் எமல்டா சிஸ்டர்.

எமல்டா தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். நாற்பதைக் கடந்தவர். அயர்லாந்து வேலைக்கு இரண்டு தடவை நேர்காணல் போய் இரண்டு தடவையும் தோற்றவர். மறுநாள் காலை மூன்றாவது. இதையும் விட்டால் ஏஜென்சியில் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

"சார், இந்த 'இன்', 'ஆன்' மாதிரி ப்ரெப்போசிஷன் மொத்தம் எத்தனை வகை?"

"நேத்தும் இதைத்தானே கேட்டீங்க?"

"நேத்து நீங்க அஞ்சுன்னீங்க. கைடுல ஏழு போட்டிருக்கு. கூகுள்ல பத்து."

"ஏழுன்னே வச்சுக்குங்க."

"வச்சுக்குங்கன்னா எப்படி சார்? 'பை' எந்த வகையில சேரும்? மருந்தை வாயால குடுத்தாலும் 'பை மவுத்'. பாட்டில் கட்டில் பக்கத்துல இருந்தாலும் 'பை த பெட்'. ஒரே ஆளு ரெண்டு வீட்டுல எப்படிக் குடியிருக்கும்?"

தமீம் தலையில் கைவைத்துக்கொண்டார். இந்த அம்மாவுக்கு எல்லா வகையும் ஜெபம் மாதிரி மனப்பாடம். ஆனால் மேசை மேல் தண்ணீர் இருக்கிறது என்று ஆங்கிலத்தில் சொல்லச் சொன்னால், அது இடமா திசையா என்று முடிவு கட்டிவிட்டுத்தான் வாயைத் திறப்பார். அதற்குள் தண்ணீரே வற்றிவிடும்.

"நாளைக்கு இன்டர்வியூ சிஸ்டர். இப்பவாவது பேசிப் பழகுங்களேன்."

"முதல் தடவை பேசினேன் சார். 'ஆன்' வர்ற இடத்துல 'இன்' போட்டுட்டேன். எதிர்ல இருந்தவன் சிரிச்சான். சரியாத் தெரியாம இனி ஒரு வார்த்தை பேசறதில்லைன்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். இப்ப சொல்லுங்க, மொத்தம் எத்தனை வகை?"

தமீம் விருட்டென்று எழுந்தார். பெஞ்சை நடுவில் இழுத்துப் போட்டு, அதன்மேல் நீட்டிப் படுத்தார்.

"என்ன சார், உடம்பு சரியில்லையா?"

"நான் உங்க பேஷண்ட். அயர்லாந்துக்காரன். தமிழ் தெரியாது. கட்டில்லேர்ந்து விழப்போறேன். நீங்க வார்டோட அந்தக் கோடியில நிக்கிறீங்க, ஓடி வர முடியாது. வாயால மட்டும் நிறுத்துங்க."

சொல்லிவிட்டு விளிம்புப் பக்கம் புரண்டார். பாதி உடம்பு வெளியே வந்தது.

எமல்டா நின்ற இடத்திலேயே முணுமுணுத்தார். "'ஆஃப்'பா, 'ஃப்ரம்'மா... விழுறது திசைதானே சார்? ஆனா பெஞ்சு இடம். அப்போ..."

"தமிழ் தெரியாது!" என்று கத்தினார் தமீம், விளிம்பைப் பிடித்தபடி.

இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். எமல்டா கண்ணை மூடிக்கொண்டு விரல்விட்டு வகைகளை எண்ணினார்.

தடால் என்று சத்தம் கேட்டது.

மேசைக் காலில் மோதி வாத்தியாரின் நெற்றி கிழிந்திருந்தது. எமல்டா பாய்ந்து போய்க் கைக்குட்டையை மடித்து அழுத்திப் பிடித்தார். பழகிய கை. ரத்தம் சீக்கிரமே நின்றுவிட்டது. கோபம்தான் நிற்கவில்லை.

"பைத்தியமா சார் உங்களுக்கு? நிஜமாவே விழுவாங்களா? சரியான வார்த்தையைத்தானே தேடிட்டிருந்தேன்! அவசரத்துல தப்பாச் சொல்லியிருந்தா?"

தமீம் கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"தப்பாச் சொல்லியிருந்தாக்கூடத் திரும்பிப் படுத்திருப்பேன், சிஸ்டர்."